போபால்: 337 டன் எரிச்சாச்சு. மண்ணுக்குள்ள இருக்கிறதை என்ன பண்றது?

#1 வைகைக்கரை

2025 ஜூன் கடைசியோட ம.பி. பீதம்பூர்ல இருக்கிற உலையில போபால் விஷவாயு ஆலைக் கழிவை எரிச்சு முடிச்சுட்டாங்க. "40 வருஷக் கறை நீங்கியது"ன்னு டிவியில ஒருத்தர் சொல்ல, அதை நம்ம ஆளுங்களே ரெண்டு மூணு இழையில ஒட்டிட்டுப் போயிருக்காங்க. எனக்கு அது ஒப்பலை.

எரிச்சது 337 டன். 2005 வாக்குல யூனியன் கார்பைடு வளாகத்துல மேலாகக் கிடந்ததை அள்ளி, மூட்டை கட்டி, அங்கேயே ஒரு ஷெட்ல அடைச்சு வச்ச சரக்கு அது. அதுல ஏறக்குறைய பாதி வெறும் மண்ணு. மீதி செவின்ங்கிற பூச்சிமருந்தோட எச்சம், அதைத் தயாரிக்கிற நாப்தாலோட எச்சம், உலைக் கசடு, பாதியில நின்ன பூச்சிமருந்து. 2024 டிசம்பர் 3ஆம் தேதி ம.பி. உயர் நீதிமன்றம் நாலு வாரம் கெடு வச்சுது. 2025 ஜனவரி 1 ராத்திரி 12 கன்டெய்னர்ல, 250 கி.மீ. தள்ளி இருக்கிற பீதம்பூருக்குக் கிளம்பிடுச்சு.

ஆனா ஆலை 1969லேர்ந்து 1984 வரைக்கும் ஓடிச்சே, அந்தப் பதினஞ்சு வருஷக் கழிவு எங்க போச்சு? வளாகத்துக்குள்ளயே 21 இடத்துல குழியில கொட்டினாங்க. 1977ல ஆலைக்கு வடக்கே 14 ஹெக்டேர்ல ஆவியாக்கும் குளங்கள் வெட்டி, அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, கழிவுநீரை அதுல விட்டாங்க. வெயில்ல தண்ணி ஆவியாகிடும், கசடு தங்கிடும்னு கணக்கு. அந்தக் குளம் கசியுதுன்னு 1982லயே போபால்லேர்ந்து அமெரிக்காவுக்குத் தகவல் போயிருக்கு. 1984 விஷவாயு விபத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி!

2010ல மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களான நீரியும் என்.ஜி.ஆர்.ஐ.யும் சேர்ந்து போட்ட கணக்குல, சுத்தம் பண்ண வேண்டிய மண் 11 லட்சம் டன். 337 டன்னை அதால வகுத்துப் பாருங்க. பத்தாயிரத்துல மூணு பங்கு. இதுக்கா "கறை நீங்கியது"?

எரிச்சது சரியா தப்பாங்கிற பழைய சண்டை இங்க வேண்டாம். மிச்சத்தை என்ன பண்ணலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ரெட்டைச்சுழி

அந்த 11 லட்சம் டன்னையும் அதே மாதிரி எரிச்சுட வேண்டியதுதானே? உலைதான் ரெடியா இருக்கே.

#3 வைகைக்கரை

// அதே மாதிரி எரிச்சுட வேண்டியதுதானே //

பீதம்பூர்ல அதிகபட்சம் மணிக்கு 270 கிலோ போட்டாங்க. அந்த வேகத்துல ராத்திரி பகலா நிறுத்தாம ஓட்டினா 465 வருஷம் ஆகும் நண்பரே. மத்திய அரசு ஒதுக்கின 126 கோடியை 337 டன்னால வகுத்தா டன்னுக்கு 37 லட்சம். 11 லட்சம் டன்னுக்குப் பெருக்கினா 4 லட்சம் கோடியைத் தாண்டுது.

#4 ரெட்டைச்சுழி

😳 வாபஸ்.

#5 பீதம்பூர்வாசி

நான் இந்தப் பீதம்பூர் தொழிற்பேட்டையில ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில இருக்கேன், சொந்த ஊர் திண்டுக்கல். ஜனவரி 3ஆம் தேதி இங்க நடந்த பந்த் வெளியூர் டிவியில எவ்வளவு வந்துச்சுன்னு தெரியலை. கடையெல்லாம் மூடி, தடியடி நடந்து, ரெண்டு பேர் தீக்குளிக்கவே போயிட்டாங்க. போபால் ஆளுங்க மேல இங்க யாருக்கும் கோபம் கிடையாது. "40 வருஷம் நீங்க வச்சுக்கப் பயந்த சாமானை எங்க தலையில ஏன் இறக்குறீங்க"ங்கிறதுதான் கேள்வி. உலைக்கு ஒட்டினாப்புல தாராபுரான்னு கிராமம் இருக்கு. இந்தூருக்குக் குடிதண்ணி குடுக்கிற யஷ்வந்த் சாகர் அணைக்கு இந்தப் பக்கத்து ஓடைத் தண்ணி போய்ச் சேருதுங்கிறது அவங்க பயம்.

ஒண்ணு சொல்லுங்க. 337 டன் எரிச்சதுக்கு 800 டன்னுக்கு மேல சாம்பல் வந்திருக்குங்கிறாங்க. எரிச்சா குறையணும்தானே? எப்படிக் கூடிச்சு? இங்க டீக்கடையில இதை வச்சு என்னென்னவோ பேசிக்கிறாங்க.

#6 சோதனைக்குழாய்

பீதம்பூர்வாசி தம்பி, அதுல மர்மம் ஒண்ணும் இல்லை. (கழிவு ஆய்வகத்துல ரொம்ப காலம் வேலை பார்த்தவள், அந்த உரிமையில சொல்றேன்.)

பாதிச் சரக்கு மண். மண் எரியாது, சூடாகி அப்படியே வெளிய வரும். மீதியில இருக்கிற குளோரின், எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாயு ஆகும். கந்தகம் இருந்தா அதுவும் அமில வாயு. அதை அடக்கச் சுண்ணாம்பு சேர்க்கணும். வாயுவைக் கழுவுற இடத்துலயும் சுண்ணாம்பு, கூடவே கரித்தூள். எல்லாம் உப்பாகி, சாம்பல் கணக்குல சேரும். எடை ரெண்டு மடங்கைத் தாண்டுறது எதிர்பார்த்ததுதான்.

கவலைப்பட வேண்டியது எடையைப் பத்தி இல்லை. பூச்சிமருந்து மூலக்கூறு 1100 டிகிரிக்கு மேல ரெண்டு விநாடி நின்னா உடைஞ்சுடும். வெளிய வர்ற புகையைச் சட்டுனு குளிர வைக்கலைன்னா 200லேர்ந்து 450 டிகிரிக்குள்ள டையாக்சின்ங்கிற கொடிய விஷம் புதுசா உருவாகும், அதைக் கவனிக்கணும். ஆனா பாதரசம், ஈயம், குரோமியம் எந்தச் சூட்டுக்கும் அழியாது. அது தனிமம். பாதரசம் ஆவியாகிக் கரித்தூள்ல ஒட்டும், ஒட்டாதது புகைபோக்கி வழியா போகும். ஈயம் சாம்பல்ல தங்கும். போபால் மண்ணுல பாதரசம் இருக்கிறது 1999லயே கிரீன்பீஸ் ஆய்வுல வந்துடுச்சு. அதனால "எரிச்சு அழிச்சாச்சு"ங்கிற பேச்சு பாதி உண்மை. மிச்சம் சாம்பலா இன்னொரு குழிக்குப் போகுது. அந்தக் குழி நல்ல குழியாங்கிறதுதான் உங்க ஊர்க்காரங்க கேட்க வேண்டிய கேள்வி.

#7 கரிசல்மண்

செவின் பவுடர்னதும் ஞாபகம் வருது. எங்க அப்பாரு பருத்திக்கு அதைத்தான் தூவுவாரு. பி.எச்.சி.ன்னு இன்னொரு பூச்சிமருந்துப் பவுடர் இன்னொரு பக்கம். துணியில முடிஞ்சு செடி மேல தட்டிக்கிட்டே போவாக, மூக்குக்குத் துண்டு கூடக் கட்ட மாட்டாக. வீட்டுல எறும்பு வந்தா அதே பவுடர்தான் வாசப்படியில. அந்தச் செவின் போபால்லதான் தயாராச்சுங்கிறது எனக்கு ரொம்பப் பின்னாடிதான் தெரியும்.

ஒரு சந்தேகம். அங்க மண்ணு என்ன மண்ணு?

#8 சோதனைக்குழாய்

மேல கரிசல், களிமண் அண்ணாச்சி. அதுக்குக் கீழ பாறை. பூச்சிமருந்துல நீங்க சொன்ன ரெண்டுமே அங்க இருக்கு. செவினையும் லிண்டேனையும் (அது பி.எச்.சி.யில ஒரு வகை) கலந்து செவிடால்னு ஒண்ணு போட்டாங்க, அதனாலதான் கார்பரிலோட (செவின்ல இருக்கிற மருந்து) பி.எச்.சி. வகையறாவும் மண்ணுல கிடைக்குது. பி.எச்.சி.யை 1997லயும், கார்பரிலை 2018லயும் இந்தியாவுல தடை பண்ணியாச்சு.

நீரி, என்.ஜி.ஆர்.ஐ. அறிக்கையோட வாதமே இந்தக் களிமண்தான். களி இறுக்கமா இருக்கு, விஷம் கீழ சுலபமா இறங்காது, அதனால சில கிணறுகளைத் தவிர நிலத்தடி நீர் பெருசா கெடலைங்கிற மாதிரி முடிச்சாங்க.

#9 கரிசல்மண்

// களி இறுக்கமா இருக்கு //

இத எழுதினவரு சித்திரை வைகாசியில கரிசக்காட்டுல நடந்திருக்க மாட்டாருன்னு நெனைக்கேன். எங்க பக்கம் கோடையில வெடிப்பு விட்டா கைக்கம்பு முழுசா உள்ள போயிரும். ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கிடும். மொத மழை அந்த வெடிப்பு வழியாத்தான் நேரா உள்ள போகும். அப்புறம்தான் மண்ணு ஊறி வாயை மூடும். ஒவ்வொரு வருசமும் மொத மழைக்கு அங்க மேல கெடக்குற விசமும் அப்படித்தானே போயிருக்கும்? ஆய்வகத்துல ஈரமண்ணை அமுக்கி வச்சுத் தண்ணி எறங்கலைன்னா எப்படி எறங்கும்?

#10 சோதனைக்குழாய்

அண்ணாச்சி, இந்த ஒரு பதிவுக்காகவே இழையை மேல ஒட்டி வைக்கலாம். அந்த முடிவை மத்தவங்களும் கேள்வி கேட்டாங்க. டெல்லியில இருக்கிற சி.எஸ்.இ.ங்கிற சுற்றுச்சூழல் அமைப்பு 2009ல எடுத்த மாதிரிகள்ல ஆலைக்கு வெளிய நிலத்தடி நீர்லயும் இதே ரசாயனங்கள் வந்துச்சு. 2018ல லக்னோ நச்சியல் ஆய்வு நிறுவனம் ஐ.ஐ.டி.ஆர். சோதிச்சப்போ பாதிக்கப்பட்ட குடியிருப்புகளோட எண்ணிக்கை 42.

இன்னொண்ணையும் சேர்த்துக்கோங்க. டைகுளோரோபென்சீன், கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரி கரைப்பான்கள் தண்ணியை விடக் கனம். எண்ணெய் மாதிரி மிதக்காது, தண்ணிக்குள்ள மூழ்கிக் கீழ போய்ப் பாறை இடுக்குல குட்டையா நின்னுடும். அங்கேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா பல பத்து வருஷம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். மேல எத்தனை டன் மண்ணை அள்ளினாலும் அதைத் தொட முடியாது. அதனால 11 லட்சம் டன்னுங்கிறது கூட மண்ணோட கணக்குதான், தண்ணிக்குள்ள போனதோட கணக்கு இல்லை.

#11 குறிஞ்சிப்பூ

கொடைக்கானல்ல வெப்பமானி ஆலைப் பாதரசக் கழிவு 290 டன்னை 2003ல தூத்துக்குடியிலேர்ந்து கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்கே அனுப்பினோம். நாங்க போராடி அனுப்பினோம். போபால் கழிவை மட்டும் ஏன் அப்படி அனுப்பலை? 2012ல ஜெர்மன்காரங்க 346 டன்னை விமானத்துல கொண்டுபோய் எரிக்கிறேன்னு வந்தாங்களே, சுமார் 25 கோடிக்கு? அதையும் விட்டாச்சு. இப்ப 126 கோடி.

#12 வழக்காடி

// விமானத்துல கொண்டுபோய் எரிக்கிறேன்னு //

அந்த நிறுவனம் 2012 செப்டம்பரில் தானே விலகிக்கொண்டது. ஜெர்மனியில் எழுந்த எதிர்ப்பும் இங்கே பொறுப்பு யார் ஏற்பது என்ற இழுபறியும் காரணங்கள். அதற்கு முன்பே அங்கலேஷ்வருக்கு அனுப்பப் பார்த்துக் குஜராத் மறுத்தது, மகாராஷ்டிரமும் மறுத்தது. யாரும் வாங்காத சரக்கு என்பதால்தான் கடைசியில் சொந்த மாநிலத்துப் பீதம்பூர்.

கொடைக்கானலோடு ஒப்பிடுவதில் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அங்கே ஆலை நடத்திய நிறுவனம் நம் கண்முன்னே இருந்தது. போபாலில் 1989 ஒப்பந்தத்தில் இந்திய அரசு கார்பைடிடம் 47 கோடி டாலர் வாங்கிக்கொண்டது வாயுக்கசிவுக்கு. மண்ணுக்கு அல்ல. 1994இல் கார்பைடு இந்தியப் பங்குகளை விற்றுவிட்டுப் போனது. 1998இல் நிலத்தை மாநில அரசே திரும்ப எடுத்துக்கொண்டது, உள்ளே புதைந்திருப்பதோடு சேர்த்து. என்னைக் கேட்டால் இந்த வழக்கில் நடந்த மிகப் பெரிய அசட்டுத்தனம் இதுதான். குத்தகைக்காரன் வீட்டைக் காலி செய்யும்போது சுவரையாவது பார்ப்போமே! 2001இல் கார்பைடை டவ் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனம் வாங்கியது. சுத்தம் செய்ய முன்பணமாக 100 கோடி கட்டு என்று 2005இல் மத்திய அரசு உயர் நீதிமன்றத்தில் கேட்டது. அந்த ஆலையை நாங்கள் நடத்தவே இல்லை என்றது டவ். அமெரிக்காவில் மண், நீர் மாசுக்காகப் போட்ட வழக்குகளும் தள்ளுபடி.

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது நம் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில்தான். சட்டம் இருக்கிறது. யார் கழுத்தில் மாட்டுவது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

#13 ரெட்டைச்சுழி

வேலூர்னதும் ராணிப்பேட்டை குரோமியம் கழிவு மலை ஞாபகம் வருது. ஆலையை மூடி முப்பது வருஷம் ஆகப்போகுது, ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல அப்படியே நிக்குது. மழை பெஞ்சா மஞ்சத் தண்ணி.

#14 குறிஞ்சிப்பூ

// கொடைக்கானலோடு ஒப்பிடுவதில் ஒரு வித்தியாசத்தை //

ஒத்துக்கறேன் சார். ஆனா கப்பல்ல போனதும் கண்ணாடித் துண்டும் பாதரசமும்தான். மண்ணு இங்கதான். அதை எந்த அளவுக்குச் சுத்தம் பண்ணணும், கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம்ங்கிற அளவு போதுமாங்கிற சண்டை வருஷக்கணக்கா ஓடிச்சு. மூட்டையைத் தூக்கினதும் கேமரா போயிடும். மண்ணு பின்னாடி யாரும் வரமாட்டாங்க. அதனாலதான் வைகைக்கரை கேள்வி எனக்குப் புரியுது.

#15 அலைகடல்

வெளிநாட்டுல இதே மாதிரி இடங்கள்ல என்ன பண்ணாங்கன்னு கொஞ்சம் படிச்சிருக்கேன், சொல்றேன்.

வியட்நாம், டா நாங் விமான நிலையம். ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லியோட டையாக்சின் ஊறின மண். 2012லேர்ந்து 2018 வரைக்கும் வேலை. மண்ணைப் பெரிய கான்கிரீட் பெட்டிக்குள்ள குவிச்சு, சூடேத்துற கம்பிகளை இறக்கி, 335 டிகிரிக்குக் கொண்டுபோய் மாசக்கணக்குல வச்சிருந்தாங்க. பெரும்பகுதி அங்கேயே உடைஞ்சுது, ஆவியானதைப் பிடிச்சு வடிகட்டினாங்க. சுமார் 90,000 கன மீட்டர். வெளியூருக்கு ஒரு லாரி கூடப் போகலை. செலவு 10 கோடி டாலருக்கு மேல.

ஸ்பெயின், சபின்யானிகோ. லிண்டேன் ஆலை. ஒரு டன் லிண்டேன் எடுத்தா எட்டு பத்து டன் உதவாத பி.எச்.சி. கழிவு வரும், அதையெல்லாம் மலைச்சரிவுல கொட்டினாங்க. 2014ல பழைய குப்பைமேட்டைத் தோண்டி, பக்கத்துலயே புதுசா கட்டின தொட்டிக்கு மாத்தினாங்க. அந்த வேலை நடந்த சமயத்துலயே கீழ ஓடுற காயேகோ ஆத்துல பி.எச்.சி. அளவு எகிறி, கரையோர ஊர்கள்ல குடிதண்ணி எடுக்கிறதை நிறுத்த வேண்டியதாயிடுச்சு. இத்தனைக்கும் நல்லது பண்ணப் போனவங்க.

#16 வைகைக்கரை

டா நாங் முறையைப் போபாலுக்குச் சும்மா பெருக்கிப் பார்த்தேன். 11 லட்சம் டன் மண், தோராயமா 6.5 லட்சம் கன மீட்டர். டா நாங்கைப் போல ஏழு மடங்கு. அப்ப 70 கோடி டாலருக்கு மேல. 1989ல அத்தனை சாவுக்கும் சேர்த்து வாங்கின பணம் 47 கோடி. டாலரோட மதிப்பு மாறியிருக்கு, தெரியும். இருந்தாலும் இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

#17 சோதனைக்குழாய்

11 லட்சம் டன்னையும் சூடேத்தணும்னு யாரும் சொல்லலையே வைகை. அந்த எண்ணை ஒரே கட்டியா பார்க்கிறதுலதான் எல்லாரும் மலைச்சுப்போய் உக்கார்ந்துடறாங்க. அதுல ஓரளவுக்கு மோசமான மண், ரொம்ப மோசமான மண், கசடே மண்ணா இருக்கிற இடம்னு தரம் இருக்கு. நான் பண்ணுறதா இருந்தா இப்படித்தான் போவேன்.

மொதல்ல தண்ணி. மழைநீர் குளத்துக்கும் குழிக்கும் இறங்காம மூடுறது, நிலத்தடி நீர் ஓடுற பக்கம் களிமண் சுவர் இறக்கித் தடுக்கிறது. இதுக்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம், நம்ம நாட்டு அணை கட்டுற ஆளுங்களே செய்வாங்க. எதையும் சுத்தம் பண்ணாமலே பரவலைப் பெருமளவு குறைச்சுடலாம். 40 வருஷத்துல மொத வேலையா நடந்திருக்க வேண்டியது இது. ஷெட்ல இருந்த மூட்டைக்கு ஓடின அத்தனை வழக்குல கால்வாசி அக்கறை இதுக்குக் கிடைச்சிருக்கலாம்.

அப்புறம் அந்த 21 குழி, குளத்து அடிக்கசடு. இதுதான் மூலம். இதைத் தோண்டி, அங்கேயே கொட்டகை போட்டு, காத்தை உறிஞ்சி வடிகட்டிக்கிட்டே டா நாங் மாதிரி சூடேத்தலாம். அலைகடல் சொன்ன ஸ்பெயின் விஷயம் இங்கதான் முக்கியம். மழைக்காலத்துல தோண்டக் கூடாது, திறந்தவெளியில தோண்டக் கூடாது.

லேசான மாசு இருக்கிற பெரும்பரப்புக்கு நுண்ணுயிர். பி.எச்.சி.யைத் தின்னுற ஸ்ஃபிங்கோபியம் பாக்டீரியா நம்ம ஊர்ச் சரக்கு, கட்டாக் நெல்வயல் மண்ணுல பிரிச்சு எடுத்தது. டெல்லி பல்கலைக்கழகத்துல அதை வச்சு நிறைய வேலை நடந்திருக்கு. ஆனா பீட்டா வகை பி.எச்.சி. மட்டும் பிடிவாதம், பாதி உடைஞ்சு நின்னுடும். பாதரசத்துக்கும் இது உதவாது. அதனால "பாக்டீரியா தெளிச்சுட்டோம்"னு ஒரு போட்டோ வந்தா நம்பாதீங்க.

பாறை இடுக்குல நிக்கிற கரைப்பான்? அதை முழுசா எடுக்க இன்னிக்கு யாருகிட்டயும் வழி இல்லை. தண்ணியை இறைச்சுச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்க வேண்டியதுதான், ஒரு தலைமுறைக்கு. அங்க நிரந்தரமா குழாய்த் தண்ணி வேணும். 2004ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டும் எத்தனை வருஷம் இழுத்தாங்கன்னு ஆலையைச் சுத்தி இருக்கிற அண்ணு நகர், ப்ளூ மூன் காலனிக்காரங்களைக் கேட்டா சொல்வாங்க.

#18 உண்மைவிளம்பி

எல்லாம் சரி மேடம். அங்க நினைவிடம் கட்டப்போறாங்களாம். மேல புல் நட்டு மூடிட்டா கதை முடிஞ்சுது. இதெல்லாம் என்.ஜி.ஓ.க்கள் வெளிநாட்டுக் காசுல...

#19 நெறியாளர்

உண்மைவிளம்பி, பதிவின் பின்பாதியை நீக்கியுள்ளேன். ஆதாரம் இருந்தால் தனி இழை தொடங்குங்கள்.

#20 பீதம்பூர்வாசி

அக்கா, நல்ல குழியான்னு கேக்கச் சொன்னீங்களே. ஊர்க்காரங்க ஒரு மனு எழுதுறாங்க, என்னை இங்கிலீஷ்ல பார்க்கச் சொன்னாங்க. சரியா என்னன்னு கேட்கணும்?

#21 சோதனைக்குழாய்

நாலு விஷயம் போதும். சாம்பல்லேர்ந்து தண்ணியில கரைஞ்சு வர்ற பாதரசம், ஈயம், குரோமியம் எவ்வளவு, எரிச்ச ஒவ்வொரு தொகுதிச் சாம்பலுக்கும் தனித்தனியா. சராசரி குடுத்தா வாங்காதீங்க. குழிக்கு அடியில ரெண்டு அடுக்கு விரிப்பு இருக்கா, நடுவுல கசிவு வந்தா தெரிய ஏற்பாடு இருக்கா. சுத்தி இருக்கிற கண்காணிப்புக் கிணறுகளோட அளவுகள், சாம்பல் போடுறதுக்கு முன்னாடி எடுத்தது. இது இப்ப எடுக்கலைன்னா பின்னாடி எதையும் நிரூபிக்க முடியாது. அப்புறம் எத்தனை வருஷம் யார் பார்த்துக்குவாங்க, அதுக்குப் பணம் எங்க கட்டி வச்சிருக்கு.

#22 வழக்காடி

அந்தக் கடைசிக் கேள்வியை மனுவின் தலைப்பிலேயே வையுங்கள் தம்பி.

#23 கரிசல்மண்

இழைக்குச் சம்பந்தம் உண்டான்னு தெரியலை தாயி. இதெல்லாம் படிச்சதும் ஒண்ணு உறுத்துது. எங்க பக்கத்து ஊர்ல பழைய சொசைட்டி குடோன் ஒண்ணு பூட்டிக் கெடக்கு. உள்ள பி.எச்.சி. மூட்டை பத்துப் பதினஞ்சு இருக்கும், சாக்கு நைஞ்சு கொட்டிக் கெடக்கு. குடோனை இடிக்கப் போறாக. குழி வெட்டிப் பொதைச்சிருவோம்னு பேசிக்கிட்டு இருக்காக.

#24 சோதனைக்குழாய்

நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி, இன்னிக்கே! புதைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். விறகுத் தீயில எரிச்சா டையாக்சின் வரும், புதைச்சா உங்க கரிசல் வெடிப்புக் கதைதான்.

இடிக்கிற வேலையை ஒத்திப்போடட்டும். கூரை ஒழுகினா மேல தார்ப்பாய் போடுங்க, மூட்டை நனையக் கூடாது. பிள்ளைங்க, ஆடுமாடு உள்ள போகாம பூட்டணும். கொட்டினதை யாரும் பெருக்க வேண்டாம், தூசி கிளம்பும். கதவுல நின்னு போட்டோ எடுத்து, எழுத்துல ரெண்டு மனு: ஒண்ணு வேளாண்மை உதவி இயக்குநருக்கு, இன்னொண்ணு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. கும்மிடிப்பூண்டியில அபாயக் கழிவுக்குன்னே இடம் இருக்கு, அங்க அனுப்புறது வாரியத்தோட வேலை. செலவு சொசைட்டி தலையிலதான் வரும், அதுக்காகத்தான் புதைக்கப் பார்க்கிறாங்க.

#25 கரிசல்மண்

தலைவருகிட்ட போன்ல சொன்னேன். "பவுடருக்குப் போயி இவ்வளவா"ங்காரு. மனு நானே எழுதுதேன். அந்த ரெண்டாவது அதிகாரி எங்க மாவட்டத்துக்கு எங்க உக்காந்திருக்காருன்னு யாராச்சும் சொல்லுங்க.

#26 ரெட்டைச்சுழி

அண்ணாச்சி, மாவட்டம் எதுன்னு தனிமடல்ல அனுப்புங்க. அந்த ஆபீசுக்கு வேற வேலையா அடிக்கடி போறவன் நான், முகவரியும் நேரமும் கேட்டுச் சொல்றேன். மனுவுல ஒப்புகைச் சீட்டு வாங்காம வந்துடாதீங்க.